ஆட்டோட்யூன் என்ன பண்ணும், என்ன பண்ணாது: பிட்ச் கரெக்‌ஷன் பத்தி அடியில இருந்து

யூட்யூப்ல ஒரு புதுப் பாட்டு வந்தா போதும், கீழ கமெண்ட்ல யாராவது ஒருத்தர் "எல்லாம் ஆட்டோட்யூன் தான் ப்ரோ"ன்னு கண்டிப்பா எழுதியிருப்பார். வீட்ல மைக் வெச்சு கவர் சாங் பாடின பொண்ணுக்கும் அதே வசனம், டிவி ஷோல பாடற பையனுக்கும் அதே வசனம், வருஷக்கணக்கா பாடிட்டிருக்கற பின்னணிப் பாடகருக்கும் அதே வசனம். இதுக்கு நேர் எதிரா இன்னொரு நம்பிக்கையும் ஓடிட்டிருக்கு, யார் வேணா எப்படி வேணா பாடிட்டுப் போகலாம், மிச்சத்தை சாஃப்ட்வேர் பாத்துக்கும்னு. தெரிஞ்சவங்க பாடின வீட்டு ரெக்கார்டிங்கை மிக்ஸ் பண்ணிக் குடுக்கறப்போ "அண்ணே, சுருதியெல்லாம் நீங்க சரி பண்ணிடுவீங்கல்ல"ன்னு கேட்டுட்டு தொண்டையைக் கூட பழக்காம மைக் முன்னாடி வந்து நிக்கறவங்க நிறைய பேர். ஆட்டோட்யூன்ங்கற இந்த சுருதி திருத்தற சாஃப்ட்வேர் குரல்ல இருக்கற பல விஷயங்கள்ல முக்கியமா ஒன்னைத்தான் தொடுது. அது எது, எப்படித் தொடுதுன்னு புரிஞ்சாலே இந்த ரெண்டு பேச்சும் ஏன் தப்புன்னு தானா தெரிஞ்சிடும், அதனால அடியில இருந்தே வரேன்.

பிட்ச்னா முதல்ல என்ன

நீங்க "ஆ"ன்னு பாடறப்போ தொண்டைக்குள்ள இருக்கற குரல் நாண்கள் மூடித் திறந்து மூடித் திறந்து அதிருது. செகண்டுக்கு எத்தனை தடவை அதிருதோ அதுதான் பிட்ச், அதை அளக்கற அலகு ஹெர்ட்ஸ். 220 தடவைன்னா 220 ஹெர்ட்ஸ், கீபோர்டுல அது ஒரு ஏ நோட். அதை ரெண்டு மடங்காக்கி 440 ஆக்கினா அடுத்த மேல் ஏ. கீழ் ஸட்ஜத்துல இருந்து மேல் ஸட்ஜம் போற இந்தத் தூரத்தைத்தான் நாம ஸ்தாயின்னு சொல்றோம், வெஸ்டர்ன்ல ஆக்டேவ். அதை 12 சம பங்கா பிரிச்சா ஒவ்வொரு பங்கும் ஒரு செமிடோன், கீபோர்டுல வெள்ளை கறுப்பு எல்லாம் சேத்து பக்கத்துப் பக்கத்துக் கட்டைக்கு நடுவுல இருக்கற தூரம். பாட்டு வாத்தியார் "ஒரு கட்டை"ன்னு சொன்னா சி, "அஞ்சு கட்டை"ன்னா ஜி, இதெல்லாம் அந்த 12ல தான் வருது.

ஒரு செமிடோனை இன்னும் 100 துண்டா போட்டா ஒரு துண்டுக்குப் பேரு சென்ட். "சுருதி சேரல"ன்னு நாம பொதுவா சொல்றதை ஸ்டுடியோவுல சென்ட் கணக்குல தான் பேசுவாங்க. அஞ்சு சென்ட் விலகினா பாட்டோட ஓட்டத்துல பெரும்பாலும் யாருக்கும் தெரியாது, 20, 30 சென்ட் விலகி ஒரு நோட்டுல நின்னா பழகின காதுக்கு உறுத்தும், 50 சென்ட்னா அது ரெண்டு கட்டைக்கும் நட்ட நடுவுல நிக்குதுன்னு அர்த்தம், அதை சங்கீதம் தெரியாதவங்களும் "என்னமோ சரியில்ல"ன்னு கண்டுபிடிச்சிடுவாங்க.

புள்ளியும் இழையும்

புள்ளிக் கோலம் போடறதைப் பாத்திருப்பீங்க. முதல்ல வரிசையா புள்ளி வைக்கறாங்க, அப்புறம் கையில மாவை எடுத்து இழை இழுக்கறாங்க. முன்னாடி சொன்ன 12 பங்கோட இடங்கள், அதாவது 12 ஸ்வரஸ்தானமும் அந்தப் புள்ளிங்க, அதது இடத்துல அசையாம இருக்கும். உங்க குரல் தான் இழை. சில கோலத்துல இழை நேரா புள்ளிக்குப் புள்ளி போய் சேரும், சிக்குக் கோலத்துல புள்ளியைத் தொடாமயே சுத்தி வளைஞ்சு போகும், ரெண்டுமே கோலம் தான். கை நடுங்கி இழை கோணலா போனா அதை அழிச்சு சரியா போடலாம், பிட்ச் கரெக்‌ஷன் பண்றது அந்த வேலை. ஆனா இந்த வளைவு கை நடுங்கினதால வந்ததா, போடறவங்க வேணும்னே வளைச்சதான்னு சாஃப்ட்வேருக்குத் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் புள்ளி எங்க இருக்கு, இழை அங்கிருந்து எவ்வளவு தள்ளி இருக்குங்கறது மட்டும் தான்.

இதுவரைக்கும் வந்ததைச் சுருக்கினா: பிட்ச்ங்கறது செகண்டுக்கு எத்தனை அதிர்வுங்கற எண்ணிக்கை, விலகலை சென்ட்ல அளக்கறோம், பாடின பிட்ச்சை பக்கத்துல இருக்கற ஸ்வரத்துக்கு நகர்த்தறது தான் பிட்ச் கரெக்‌ஷன். இதுல மூணு வேலை இருக்கு: பாடினது என்ன பிட்ச்னு கண்டுபிடிக்கணும், எங்க நகர்த்தணும்னு முடிவு பண்ணணும், குரல் கெடாம நகர்த்தணும்.

முதல் வேலை: பாடினது என்ன பிட்ச்

இங்க தான் எண்ணெய்க் கிணறு கதை வருது. ஆட்டோட்யூனை உருவாக்கின ஆண்டி ஹில்டிபிராண்ட் அமெரிக்காவுல எண்ணெய் தேடற தொழில்ல இருந்தவர். பூமிக்குள்ள அதிர்வை அனுப்பி, எதிரொலியா திரும்பி வர அலையைக் கணக்குப் போட்டு, கீழ எந்த அடுக்கு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறது அவரோட துறை. அதுல புழங்கற ஒரு கணக்கு ஆட்டோகோரிலேஷன், அதாவது ஒரு அலையை அதே அலையோட ஒப்பிடறது. கூட சாப்பிட்டுட்டிருந்த ஒரு பெண்மணி, என்னை சுருதியோட பாட வைக்கற பெட்டி ஒன்னு பண்ணிக் குடுங்களேன்னு விளையாட்டா கேட்டதுல தான் இந்த யோசனையே வந்ததுன்னு அவர் பேட்டிகள்ல சொல்லியிருக்கார். 1997ல அவரோட ஆண்டாரஸ் கம்பெனி ஆட்டோட்யூனை வெளியிட்டுச்சு.

கணக்கு எப்படின்னா, ரெக்கார்ட் ஆன குரலைக் கம்ப்யூட்டர்ல பெருசாக்கிப் பாத்தா ஒரே மாதிரி ஒரு வளைவு திரும்பத் திரும்ப வரும். அந்த அலையை ஒரு காப்பி எடுத்து ஒரிஜினல் மேலயே வெச்சு கொஞ்சம் கொஞ்சமா பக்கவாட்டுல தள்ளிட்டே போங்க, ஒரு கட்டத்துல ரெண்டும் அப்படியே பொருந்தும், பொருந்தறதுக்கு எவ்வளவு தள்ளினோமோ அதுதான் ஒரு அதிர்வுக்கு ஆகற நேரம். 220 ஹெர்ட்ஸ் ஏ நோட்டுக்கு அது கிட்டத்தட்ட 4.5 மில்லிசெகண்ட், சிடி தரத்துல ரெக்கார்ட் பண்ணியிருந்தா சுமார் 200 சாம்பிள் (அலையை அளந்து குறிச்சு வெச்ச எண்கள்).

இதுலயே சாஃப்ட்வேர் எங்க தடுமாறும்னும் தெரிஞ்சிடும். ஒரு அதிர்வு தள்ளினா பொருந்தற அலை, ரெண்டு அதிர்வு தள்ளினாலும் பொருந்தத்தானே செய்யும், அதனால சில சமயம் பிட்ச்சை ஒரு ஸ்தாயி கீழ தப்பா படிச்சிடும். மூச்சு வாங்கற சத்தத்துலயும் "ஸ்", "ஷ்" மாதிரி வெறும் காத்துச் சத்தத்துலயும் திரும்ப வர வளைவே கிடையாது, அதனால அங்க பிட்ச்னு ஒன்னு இல்லவே இல்ல. ஹெட்ஃபோன்ல இருந்து மியூசிக் கசிஞ்சு மைக்ல விழுந்திருந்தா ரெண்டு அலை கலந்து கணக்கு குழம்பும். எங்க ஆட்டோட்யூன் "உளறுது"ன்னு புகார் வருதோ அங்க பாதிக்கு மேல காரணம் இது தான், ரெக்கார்டிங் சுத்தமா இல்லாதது.

ரெண்டாவது வேலை: எங்க நகர்த்தணும்னு யார் சொல்றது

நீங்க தான் சொல்லணும். பெரும்பாலான தப்பான புரிதல் இந்த இடத்துல தான் இருக்கு, அதனால ஒரே ஒரு நோட்டை எடுத்து நிதானமா பாப்போம்.

பாட்டுப்படி நீங்க பாட வேண்டியது ஏ, 220 ஹெர்ட்ஸ். நீங்க பாடினது 215. கணக்குப் போட்டா சுமார் 40 சென்ட் கீழ. பக்கத்துல இருக்கற நோட் ஏ தான், சாஃப்ட்வேர் அதைத் தூக்கி 220க்குக் கொண்டு போகும், சுபம். இப்போ இன்னும் கொஞ்சம் களைப்பாகி 213 பாடறீங்க. சுமார் 56 சென்ட் கீழ, அதாவது பாதி தூரத்தைத் தாண்டியாச்சு. இப்போ ஏவை விட கிட்ட இருக்கறது அதுக்குக் கீழ இருக்கற ஜி ஷார்ப், கிட்டத்தட்ட 207.7 ஹெர்ட்ஸ். 12 நோட்டும் திறந்து வெச்சிருந்தா சாஃப்ட்வேர் உங்களை மேல தூக்காது, இன்னும் கீழ இறக்கி ஜி ஷார்ப்ல உக்கார வெச்சிடும். முன்னாடி லேசா சுருதி விலகின நோட்டா இருந்தது இப்போ சுத்தமான, அழுத்தமான, தப்பு ஸ்வரம்.

இதே பாட்டோட கீ, அதாவது அது எந்த ஆதார ஸ்வரத்துல, எந்த ஸ்வர வரிசையில (ஸ்கேல்) இருக்குங்கறது, சி மேஜர்னு நீங்க முன்னாடியே செட் பண்ணியிருந்தீங்கன்னா (நம்ம கணக்குல ஒரு கட்டை சங்கராபரணம்) அந்த ஸ்கேல்ல ஜி ஷார்ப்பே கிடையாது. அப்போ 213க்கு இருக்கற வழி ரெண்டு தான், கீழ 196ல இருக்கற ஜி, மேல 220ல இருக்கற ஏ, கிட்ட இருக்கறது ஏ, சரியான இடத்துக்குப் போயிடும். அதாவது அதே குரல், அதே சாஃப்ட்வேர், அதே நோட், கீ என்னன்னு சொன்னதா இல்லையாங்கறதுல பாட்டே மாறுது. பாட்டோட கீ தெரியாம பிளக்-இன்னை (ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள்ள சேத்து ஓட்டற குட்டி சாஃப்ட்வேர்) போட்டுட்டு "இது வேலை செய்யல"ன்னு சொல்றவங்க கிட்ட நான் முதல்ல கேக்கறது இதைத்தான்.

அப்புறம் ஒருத்தர் ஏ பாட வேண்டிய இடத்துல சுத்தமா சி பாடிட்டார்னு வைங்க. சாஃப்ட்வேருக்கு அதுல ஒரு குறையும் தெரியாது, சி ஸ்கேல்ல இருக்கு, சுருதியும் சுத்தம், அப்படியே விட்டுடும். மெட்டு என்னன்னு அதுக்குத் தெரியாது. அதனால "பேசினா போதும் பாட்டாக்கிடும்"ங்கறது தானா நடக்கற விஷயமே கிடையாது, யாரோ ஒரு இன்ஜினியர் உக்காந்து ஒவ்வொரு எழுத்துக்கும் இது இந்த ஸ்வரம்னு கையால இழுத்து வைக்கணும், வெச்சாலும் அது மெஷின் குரல் மாதிரி தான் கேக்கும்.

சுருக்கமா: சாஃப்ட்வேர் கிட்டக்க இருக்கற நோட்டுக்கு நகர்த்தும், சரியான நோட் எதுன்னு அதுக்குத் தெரியாது. கீ, ஸ்கேல், மெட்டு மூணும் மனுஷன் கையில தான் இருக்கு.

மூணாவது வேலை: குரல் கெடாம நகர்த்தறது

பழைய டேப் காலத்துல பிட்ச்சை ஏத்தணும்னா டேப்பை வேகமா ஓட்டணும். பிட்ச் ஏறும், ஆனா பாட்டு சீக்கிரம் முடிஞ்சிடும், குரலும் கார்ட்டூன் பொம்மை பேசற மாதிரி ஆகிடும். அது ஏன் அப்படி ஆகுதுன்னு புரிய ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாருங்க. ஒரே ஸ்வரத்துல நின்னுட்டு "ஆ", "ஈ", "ஊ"ன்னு மாத்தி மாத்திப் பாடுங்க. பிட்ச் மாறல, ஆனா சத்தம் மாறுது. வாயும் தொண்டையும் அமையற விதத்தைப் பொறுத்து சில அதிர்வெண்கள் மட்டும் தூக்கலா கேக்குது, அந்தத் தூக்கலான இடங்களுக்கு ஃபார்மன்ட்னு பேரு. இது "ஆ", இது "ஈ"ன்னு காது கண்டுபிடிக்கறதும் இதை வெச்சு தான், இது எஸ்பிபி இது ஜானகின்னு கண்ணை மூடிட்டுச் சொல்றதுலயும் இதுக்குப் பெரிய பங்கு இருக்கு. டேப்பை வேகமா ஓட்டினா பிட்ச்சோட சேந்து ஃபார்மன்ட்டும் மேல ஏறிடும், சின்ன வாய் இருக்கற யாரோ பாடற மாதிரி ஆகிடும்.

அதனால இப்போ பரவலா இருக்கற ஒரு முறை என்னன்னா, குரல் அலையை ஒவ்வொரு அதிர்வாகச் சின்னத் துண்டா வெட்டுவாங்க. பிட்ச் ஏறணும்னா துண்டுகளைக் கிட்டக் கிட்ட வைப்பாங்க, நீளம் குறையறதால நடுவுல சில துண்டை ரெண்டு தடவை போடுவாங்க, இறங்கணும்னா தள்ளித் தள்ளி வெச்சு சிலதை எடுத்துடுவாங்க. ஒவ்வொரு துண்டோட உள் வடிவமும் மாறாததால ஃபார்மன்ட் அதது இடத்துலயே நிக்கும், பாடினவர் குரல் பாடினவர் குரலாவே இருக்கும். முன்னாடி சொன்ன 215ஐ 220 ஆக்கணும்னா துண்டுக்குத் துண்டு இடைவெளி 4.65 மில்லிசெகண்ட்ல இருந்து 4.55 ஆகுது, மில்லிசெகண்ட்ல பத்துல ஒரு பங்கு. இவ்வளவு சின்ன நகர்த்தல் தான் ஒழுங்கா பாடினவங்க டிராக்ல பெரும்பாலும் நடக்கறது. ரெண்டு மூணு செமிடோன் நகர்த்த ஆரம்பிச்சா எவ்வளவு நல்ல சாஃப்ட்வேரா இருந்தாலும் குரல்ல ஒரு செயற்கைத்தனம் வந்து உக்காந்துக்கும், ஏன்னா நிஜத்துல நாம மேல் ஸ்வரம் பாடறப்போ தொண்டையோட இறுக்கம், வாய் திறக்கற அளவு, மூச்சோட அழுத்தம் எல்லாமே மாறும், அது எதுவும் இங்க மாறலயே.

அந்த ரோபோ குரல் எங்கிருந்து வருது

பலரும் ஆட்டோட்யூன்னு சொன்னாலே நினைக்கறது அந்த உடைஞ்சு உடைஞ்சு வர மெஷின் குரலைத்தான். அது சாஃப்ட்வேரோட ஒரே ஒரு குமிழைக் கடைசி வரைக்கும் திருகினதுல வர விளைவு. ரீட்யூன் ஸ்பீட்னு ஒன்னு இருக்கு, விலகின குரலைச் சரியான ஸ்வரத்துக்கு எவ்வளவு நேரத்துல இழுக்கணும்ங்கற அளவு, மில்லிசெகண்ட்ல இருக்கும். மனுஷக் குரல் ஒரு ஸ்வரத்துல இருந்து இன்னொன்னுக்குத் தாவறப்போ நடுவுல ஒரு வழுக்கல் இருக்கும், நீளமா நின்னா செகண்டுக்கு அஞ்சாறு தடவை மேலயும் கீழயும் லேசா அசையும், இந்த அசைவுக்கு வைப்ரேட்டோன்னு பேரு. ரீட்யூன் ஸ்பீடை கொஞ்சம் மெதுவா வெச்சா இந்த வழுக்கலும் அசைவும் தப்பிச்சுடும், நின்ன ஸ்வரம் மட்டும் மெல்ல இடத்துக்கு வரும். பூஜ்யத்துல வெச்சா வழுக்கலுக்கு நேரமே கிடையாது, இழை வளைவே இல்லாம புள்ளிக்குப் புள்ளி வெட்டி வெட்டிக் குதிக்கும், அதுதான் அந்த சத்தம்.

உலகமே இதை முதல்ல பெரிய அளவுல கேட்டது 1998ல, அமெரிக்கப் பாடகி ஷெர் பாடின 'பிலீவ்' பாட்டுல. லண்டன்ல அதைத் தயாரிச்சவங்க இந்த எஃபெக்ட் எப்படி வந்ததுன்னு கேட்டதுக்கு ஆரம்பத்துல வோகோடர்னு வேற ஒரு கருவியைச் சொல்லி ரகசியத்தைக் காப்பாத்தினாங்க, அந்த அளவுக்கு அது புதுசா இருந்தது. அப்புறம் 2005ல இருந்து அமெரிக்கப் பாடகர் டி-பெயின் இதையே தன்னோட அடையாளமா ஆக்கிக்கிட்டார். அவருக்குப் பாடவே வராதுன்னு ரொம்ப பேர் நினைச்சிட்டிருந்தாங்க. 2014ல என்பிஆர் ரேடியோவோட டைனி டெஸ்க் நிகழ்ச்சியில எந்த எஃபெக்ட்டும் இல்லாம ஒரு கீபோர்டு துணையோட உக்காந்து பாடினார், அவ்வளவு நல்லா பாடினார். எஃபெக்ட்டா போடறதும் குறையை மறைக்கறதும் வேற வேறங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல, தேடிப் பாருங்க.

மெஷின் குரல் கேட்டா அது பெரும்பாலும் வேணும்னே வெச்சது. ஒழுங்கா பண்ணின கரெக்‌ஷன் காதுக்குத் தெரியாது, அதனால "எனக்குக் கேட்டாலே தெரியும்"னு சொல்றவங்க கண்டுபிடிக்கறது பெரும்பாலும் எஃபெக்ட்டைத் தான்.

கையால திருத்தறது: மெலடைன்

இதுவரைக்கும் சொன்னது தானா ஓடற வகை. ஸ்டுடியோவுல இன்னொரு வகை ரொம்பப் புழங்குது, ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஸ்க்ரீன்ல பாத்து மவுஸால நகர்த்தறது. இதுல பேர் போனது ஜெர்மனியில மியூனிக்ல இருக்கற செலமனி கம்பெனியோட மெலடைன், பீட்டர் நாய்பாக்கர் உருவாக்கினது, 2001ல வந்தது. கியூபேஸ், லாஜிக்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்கள்ல இருக்கற வேரிஆடியோ, ஃப்ளெக்ஸ் பிட்ச் எல்லாம் இதே பாணி தான்.

உதாரணத்துக்கு "நிலவே"ன்னு ஒரு சொல் பாடியிருக்கீங்க. ஸ்க்ரீன்ல நீர்க்குமிழி மாதிரி மூணு குமிழ் வரும், "நி" ஒன்னு, "ல" ஒன்னு, "வே" நீளமா ஒன்னு. சத்தம் அதிகமா இருக்கற இடத்துல குமிழ் தடிமனா இருக்கும், ஒவ்வொன்னுக்குள்ளயும் மெல்லிசா ஒரு கோடு ஓடும், அது தான் பிட்ச் போன நிஜ வழி. "நி", "ல" ரெண்டும் சரியா இருக்கு. "வே" கீழ இருந்து ஆரம்பிச்சு வழுக்கி மேல வருது, நடுவுல 30 சென்ட் குறைவா நிக்குது, கடைசியில மூச்சு தீந்து இன்னும் சரியுது. இப்போ புதுசா கத்துக்கறவங்க என்ன பண்ணுவாங்கன்னா அந்தக் குமிழை டபுள் கிளிக் பண்ணி கட்டத்துக்கு நடுவுல ஒட்ட வெச்சிடுவாங்க. சாஃப்ட்வேர் மொத்தக் குமிழுக்கும் சேத்து ஒரு மையத்தைக் கணக்குப் போடும், கீழ இருந்து வந்த வழுக்கலும் கடைசிச் சரிவும் அந்த மையத்தைக் கீழ இழுக்கலாம், அப்படி இழுத்த மையத்தைக் கோட்டுல கொண்டு வந்து வெச்சா நடுப் பகுதி கோட்டுக்கு மேல போயிடும், முன்னாடி குறைஞ்சது இப்போ கூடிடும்.

பொறுமையா பண்றவங்க குமிழை மூணா வெட்டுவாங்க. வழுக்கலைத் தொட மாட்டாங்க, அது தான் பாடினவரோட பாவம், உணர்ச்சி வெளிப்பாடு. நடுவை மட்டும் 30 சென்ட் தூக்குவாங்க. கடைசித் துண்டுல சரிவைக் குறைக்கற டூல் ஒன்னு இருக்கு, அதை வெச்சு பாதி சரிவை மட்டும் எடுத்து பாதியை விட்டுடுவாங்க, ஏன்னா வரி முடியறப்போ குரல் லேசா தணியறது இயல்பு. அப்புறம் வெட்டின இடத்துல இழை ஒட்டுதான்னு கேட்டுப் பாப்பாங்க. ஒரு சொல்லுக்கு இவ்வளவு. ஒரு முழுப் பாட்டுன்னா மணிக்கணக்கா ஆகற வேலை இது, பட்டன் தட்டினா முடியற விஷயம்னு யாராவது சொன்னா அவங்க பக்கத்துல உக்காந்து பாத்ததில்லன்னு அர்த்தம்.

கமகம் வந்தா என்ன ஆகும்

ஸ்வரத்தை ஆட்டி, வளைச்சுப் பாடறது தான் கமகம். நம்ம பாட்டுக்கு இது தான் உயிரான விஷயம், அதனால இதுல கொஞ்சம் அதிகமா நிக்கறேன். 12 சம பங்கு, புள்ளிக்குப் புள்ளி போற இழைங்கறதெல்லாம் மேற்கத்திய கீபோர்டை வெச்சு போட்ட கணக்கு. தோடி ராகத்துல காந்தாரத்தை (க) எடுத்துக்கோங்க, அது ஒரு இடத்துல நிக்கவே நிக்காது, ரிஷபத்துக்கும் (ரி) மத்யமத்துக்கும் (ம) நடுவுல ஆடிட்டே இருக்கும், அந்த ஆட்டம் தான் தோடி. ரீட்யூன் ஸ்பீடை வேகமா வெச்சு அந்த இடத்தைக் குடுத்தீங்கன்னா, சாஃப்ட்வேர் ஆட்டத்தோட கீழ்முனையை ஒரு நோட்டுக்கும் மேல்முனையை இன்னொரு நோட்டுக்கும் இழுத்து ஒட்டி, நடுவுல இருந்த வழியெல்லாம் துடைச்சிடும். கேக்கறப்போ ரெண்டு மூணு கட்டையை மாத்தி மாத்தித் தட்டின மாதிரி இருக்கும். சிக்குக் கோலத்து இழையை எல்லாம் புள்ளிக்கு இழுத்து நேராக்கினா என்ன மிஞ்சும், அது தான் மிஞ்சும்.

பிருகாவும் அப்படித்தான், அவ்வளவு வேகமா போற சங்கதியை மெலடைன் ஏகப்பட்ட குட்டிக் குமிழா உடைச்சுக் காட்டும், அதுல எது ஸ்வரம் எது வழின்னு பிரிக்கறது பாட்டு தெரிஞ்ச காதால மட்டும் தான் முடியும். நல்ல இன்ஜினியர் கமகம் வர இடத்தை மொத்தமா ஒரே பிடியா செலக்ட் பண்ணி, உள் வடிவத்தை மாத்தாம முழுசா 15, 20 சென்ட் மேல கீழ நகர்த்தி விட்டுடுவார்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கு. நல்லா சேத்த தம்பூராவுல ஸட்ஜத் தந்தியை மீட்டினா கூடவே அந்தர காந்தாரம் லேசா காதுல விழும்னு பெரியவங்க சொல்வாங்க, அது நிஜம், தந்தியோட அஞ்சாவது மடங்கு அதிர்வுல இருந்து வரது. அந்த இயல்பான காந்தாரம் ஸட்ஜத்துல இருந்து சுமார் 386 சென்ட்ல இருக்கு. கீபோர்டு காந்தாரம் 400 சென்ட். தம்பூராவோட இழைஞ்சு பாடின ஒருத்தரோட காந்தாரத்தைச் சாஃப்ட்வேர் 14 சென்ட் தூக்கி "சரி" பண்ணினா, தம்பூராவோட சேந்திருந்தது இப்போ சேராம போகும். கீபோர்டும் கிதாரும் பின்னணியில இருக்கற சினிமாப் பாட்டுல இது பிரச்சனை இல்ல, அங்க 400 தான் சரியா கேக்கும். தம்பூரா, வயலின், மிருதங்கம் மட்டும் வெச்சு பதிவு பண்ற கர்நாடக சங்கீதத்துல இதைக் கண்ணை மூடிட்டுப் போடறது எனக்கு மனசுக்கு ஒப்பாத விஷயம்.

சுருக்கினா: கரெக்‌ஷன் சாஃப்ட்வேரோட இயல்பான கட்டம் 12 சம பங்கு. பாட்டு அந்தக் கட்டத்துக்குள்ள அடங்காத இடத்துல எல்லாம் கையை எடுத்துடணும், இல்லன்னா கையால பண்ணணும்.

எதைத் தொடவே முடியாது

உச்சரிப்பு. "ழ" வராதவங்களுக்கு எந்தப் பிட்ச் கரெக்‌ஷனும் "ழ" குடுக்காது. மூச்சு இல்லாம பாடின குரலுக்கு மூச்சு குடுக்காது. தாளம் விலகினா மெலடைன்ல நகர்த்தலாம், ஆனா அது வேற டூல், வேற வேலை. குரலோட பாவம், எந்த வார்த்தையில அழுத்தம், எங்க தணியணும், இதெல்லாம் ரெக்கார்டிங்ல இருந்தா தான் இருக்கும். அப்புறம் கோரஸ்ல நாலு பேர் பாடறப்போ வர அந்தக் கனம், ஒவ்வொருத்தரும் சில சென்ட் முன்ன பின்ன இருக்கறதுலயும் வருது, நாலு டிராக்கையும் கோட்டுல ஒட்ட வெச்சீங்கன்னா கனம் போய் ஒரே ஆள் பாடற மாதிரி மெலிஞ்சிடும்.

மேடைக் கச்சேரி பத்தியும் ஒரு வார்த்தை. லைவ்ல ஓடற பிட்ச் கரெக்‌ஷன் இருக்கு, கணக்குப் போட கொஞ்சம் நேரம் வேணும்ங்கறதால ஒரு சின்ன தாமதத்தோட, கீ செட் பண்ணி ஓட்டுவாங்க. ஆனா மேடையில ஒருத்தர் ஆடிட்டே ஒரு இடத்துல கூட மூச்சு வாங்காம பாடறார்னா அது பெரும்பாலும் முன்னாடியே பதிஞ்ச டிராக் பின்னால ஓடறது, ஆட்டோட்யூனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கமெண்ட்ல ரெண்டையும் ஒன்னா போட்டு அடிக்கறாங்க.

இது ஏமாத்து வேலையா

ஒரு காலத்துல பாடறவரும் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே ஹால்ல நின்னு ஒரே டேக்ல, அதாவது ஒரே தடவையில, பதிவு பண்ணினாங்க, அது மகா திறமை, மறுக்கவே முடியாது. ஒவ்வொரு குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியா பதியற மல்டி டிராக் வந்தப்புறம் வரி வரியா பாடி, தப்பின வார்த்தையை மட்டும் திரும்பப் பாடி நடுவுல பஞ்ச் பண்றது வழக்கமாச்சு. 1975லயே ஈவன்டைட் கம்பெனியோட ஹார்மோனைசர் மாதிரி பிட்ச்சை மாத்தற பெட்டிங்க ஸ்டுடியோவுக்கு வந்தாச்சு. ஆக ரெக்கார்டிங்ல திருத்தம்ங்கறது ஆட்டோட்யூனுக்கு முன்னாடியே இருந்தது. உயிரோட பாடின ஒரு டேக்ல ரெண்டு சொல் 25 சென்ட் குறைஞ்சிருக்கு, திரும்பப் பாடினா சுருதி சேரும் ஆனா அந்த உயிர் வராதுன்னா, அந்த டேக்கை வெச்சுக்கிட்டு ரெண்டு சொல்லைத் திருத்தறது தான் பாட்டுக்குப் பண்ற மரியாதைன்னு நான் நினைக்கறேன். பாட்டுப் போட்டின்னு சொல்லிட்டு, பாடற திறமையை மார்க் போட்டு அளக்கற இடத்துல திருத்தின ஆடியோவை ஒளிபரப்பினா அது வேற, அங்க கேக்கறவங்களுக்கும் கூடப் பாடற மத்த பசங்களுக்கும் அநியாயம் நடக்குது. கருவி ஒன்னு தான், எந்த இடத்துல என்ன சொல்லிட்டுப் போடறோம்ங்கறதுல தான் நியாயம் மாறுது.

வீட்ல முயற்சி பண்றவங்களுக்கு

திருத்தறதுக்குன்னு தனியா காசு போட்டு எந்தப் பிளக்-இன்னும் வாங்க வேணாம். ரீப்பர்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல கூடவே வர ரியாட்யூன், ஆப்பிளோட கராஜ்பேண்ட்ல உள்ளயே இருக்கற பிட்ச் கரெக்‌ஷன், இலவசமா கிடைக்கற எம்ஆட்டோபிட்ச், கத்துக்க இதெல்லாம் தாராளம். முதல்ல மூணு நாலு டேக் பாடுங்க, மூடின ஹெட்ஃபோன் போட்டுப் பாடுங்க, கசிவு இருக்கக் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் நல்ல டேக்கைப் பொறுக்கி ஒரே டிராக்கா சேருங்க, இதுலயே திருத்த வேண்டியதுல பாதி குறைஞ்சிடும். ரிவர்பும் (எதிரொலி சேக்கறது) கம்ப்ரஷனும் (சத்தத்தோட ஏற்ற இறக்கத்தைக் குறைக்கறது) போடறதுக்கு முன்னாடி, எந்த எஃபெக்ட்டும் சேராத காய்ஞ்ச குரல்ல பிட்ச் வேலையை முடிச்சிடுங்க, எதிரொலி கலந்தப்புறம் சாஃப்ட்வேருக்கு ஒரே நேரத்துல ரெண்டு ஸ்வரம் கேக்கும். கீ எதுன்னு உறுதி பண்ணிட்டு செட் பண்ணுங்க, பாட்டுல அந்த ஸ்கேல்ல இல்லாத அன்னிய ஸ்வரம் வந்தா அந்த நோட்டையும் திறந்து விடுங்க.

திருத்தறப்போ கண்ணை நம்பாதீங்க. ஸ்க்ரீன்ல கோடு வளைஞ்சிருந்தா கை தானா நேராக்கப் போகும், ஆனா மியூசிக்கோட சேத்துக் கேட்டா அந்த வளைவு தான் அழகா இருக்கும். குரலைத் தனியா சோலோ போட்டுத் திருத்தாதீங்க, பாட்டோட ஓட விட்டு, உறுத்தற இடத்துல மட்டும் நிறுத்தித் தொடுங்க. தொட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரிஜினல் டிராக்கை ஒரு காப்பி எடுத்து மியூட் பண்ணி கீழயே வெச்சுக்கோங்க. வேலை முடிஞ்சதும் ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டு, பாடினவரையே பக்கத்துல உக்கார வெச்சுக் கேக்கச் சொல்லுங்க, எந்த வளைவு அவர் வேணும்னு போட்டது, எது அவர் கையை மீறிப் போனதுன்னு அவருக்குத் தான் தெரியும்.